ஒரு கல்வெட்டு, இருபத்தொரு படம்

அம்பத்தூருக்கு அடுத்த பாடி, பேருந்தில் கடப்பவர்களுக்கு மேம்பாலமும் லூகாஸ் நிறுத்தமும்தான். கொஞ்சம் உள்ளே போனால் திருவலிதாயம் கோயில். கருவறையின் பின்புறம் நேராக இல்லாமல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று இந்த அமைப்புக்குப் பெயர். அங்கிருந்து ஆவடிப் பக்கம் திருமுல்லைவாயில், பூந்தமல்லிப் பக்கம் திருவேற்காடு, மாங்காடு, இன்னும் தள்ளித் திருமழிசை. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இவை ஊர்கள். பழைய கோயில்களின் சுவரில் சோழர் காலம் தொட்டு எழுத்து இருக்கிறது. யார் நிலம் விட்டார், விளக்கெரிக்க எத்தனை ஆடு கொடுத்தார், எந்த ஊர்ச்சபை ஒப்புக்கொண்டது என்று வரிவரியாக ஓடும்.

இந்த எழுத்தைத் தேடி முன்பு தொல்லியல் துறையினரும் பேராசிரியர்களும் வந்தார்கள். இப்போது ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், முதுகலை மாணவி, ஞாயிற்றுக்கிழமை மரபுநடைக் குழு என்று பலரும் வருகிறார்கள். மைப்படி எடுக்கக் காகிதமும் தூரிகையும் பயிற்சியும் வேண்டும். கைபேசிக்கு அதெல்லாம் வேண்டாம். அனுமதி மட்டும் வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆகவே செயல் அலுவலரிடம் எழுதிக் கேட்டுவிட்டு உள்ளே போவதே நல்லது.

அனுமதி கிடைத்தபின் நடப்பதைப் பார்ப்போம். அதிட்டானத்தில், அதாவது கருவறையின் அடித்தளத்தில், ஒரு கல்வெட்டு நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்து தெரிய வேண்டுமானால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் ஒரு படத்தில் இரண்டு மூன்று அடிக்கு மேல் அடங்காது. ஒரு படத்தின் கடைசி எழுத்துகள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் விழுமாறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரம் சிறந்தது, வெட்டுப் பள்ளத்தில் நிழல் நிற்கும். வெயில் வராத சுவருக்கு டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். ஒரு கல்வெட்டுக்கு இருபது முப்பது படம் சாதாரணம். மதியத்துக்குள் நானூறு படம் சேர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் கைபேசி சூட்டிய நீண்ட எண்தான் பெயர். அன்று இரவு எது எந்தச் சுவர் என்று நினைவிருக்கும். பொங்கலுக்கு எடுத்ததை ஆடியில் திறந்து பார்த்தால், எல்லாம் ஒரே கருங்கல்.

படம் எடுக்கும் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. எடுத்ததை ஒழுங்குபடுத்தும் வேலையில் 1858இல் ஒருவர் செய்ததையே நம்மில் பெரும்பாலோர் இன்னும் செய்வதில்லை. அவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசு அமர்த்திய புகைப்படக்காரர். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று பெட்டி பெட்டியாகக் கருவிகளைச் சுமந்து சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். கல்வெட்டைப் படிக்கும் பயிற்சி அவருக்குக் கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டார். அவரைப் பொறுத்தவரை அந்த 21 படங்களும் ஒரே பொருள். வரிசை கலைந்தால் வாசகம் போயிற்று.

ஆய்வுப் படங்களை அடுக்கும் மென்பொருள் என்றால் என்ன, நம் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் படத்தொகுப்புச் செயலி போதாதா என்று கேட்பவர்களுக்கு டிரைப்பின் சுருளைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும். குடும்பப் படத்தில் ஒரு படம் ஒரு கணம். ஆய்வில் பல படங்கள் சேர்ந்துதான் ஒரு பொருள்: ஒரு கல்வெட்டு, பன்னிரண்டு பக்கக் கடிதம், முன்னும் பின்னும் எடுத்த ஒரு நடுகல். சாதாரணச் செயலிகள் படத்தை எண்ணுகின்றன. ஆய்வாளருக்குப் பொருளை எண்ணும் செயலி தேவை.

கேமராவுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு இருக்கிறது. எக்ஸிஃப் என்பார்கள். 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த முறை. எடுத்த தேதி, மணி, கேமராவின் பெயர், துளையின் அளவு, ஒளி விழுந்த நேரம் எல்லாம் அதில் பதிவாகும். இடங்காட்டி போட்டிருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூட. ‘எப்போது’ என்பதற்கும் ஓரளவு ‘எங்கே’ என்பதற்கும் இதனால் செலவில்லாமல் பதில் கிடைத்துவிடுகிறது.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கருங்கல் மண்டபத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறும். அது காட்டும் புள்ளி கோயிலைச் சுட்டலாம். வடக்குச் சுவரா தெற்குச் சுவரா என்று சொல்லாது. தனிக் கேமராவில் பேட்டரி முழுக்கத் தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தால் எக்ஸிஃப் கூச்சமில்லாமல் பொய் சொல்லும். இன்னொரு பெரிய ஓட்டை வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு இந்தச் சீட்டையும் கழற்றிவிடுகிறது. மரபுநடை முடிந்ததும் “குழுவில் போட்டுவிடுங்கள் சார்” என்று கேட்டு வாங்கிச் சேர்க்கும் படங்கள் ஊர், நாள் ஏதுமில்லாத அநாதைகள். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். குழுவில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைப்பது, விலை உயர்ந்த கேமரா வாங்குவதைவிடப் பயன் தரும்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கே தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில், இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், மேலும் கருவிகளைக் கண்டார்கள். ஃபுட் சேர்த்த தொகுப்பை 1904இல் மதராஸ் அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவர் இறந்தபின் அதற்கான விரிவான பட்டியல் அச்சாயிற்று. கல் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் மண்ணடுக்கு வாரியாகத் தோண்டி ஆராய்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியிட்டார்கள். அகழாய்வுப் படத்தில் அளவுகோலும் வடக்குத் திசைக்குறியும் குழி எண் எழுதிய பலகையும் இருக்கும். அந்தப் பலகைதான் கையால் எழுதிய எக்ஸிஃப். கோயிலுக்குப் போகிறவரும் ஒவ்வொரு சுவரைத் தொடங்குமுன் ஒரு தாளில் ‘வடக்குச் சுவர், அதிட்டானம், கிழக்கிலிருந்து மேற்கு’ என்று எழுதி அதை முதல் படமாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு வரும் எந்த மென்பொருளும் இந்தத் தாளுக்கு ஈடாகாது.

எந்த அறையில் வைப்பது?

கணினிக்குப் படங்களை மாற்றியதும் எல்லோரும் செய்வது கோப்புறை திறப்பதுதான். ‘திருமுல்லைவாயில்’ என்று ஒன்று. அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சிவனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்திருக்கும். தொண்டைமான் என்ற அரசனுக்குத் துணையாகப் போகத் திரும்பியது என்று தலபுராணம் சொல்லும். அந்த நந்தியின் படத்தை ஊர்க் கோப்புறையில் வைப்பதா, ‘நந்திகள்’ என்ற கோப்புறையிலா, ‘திசை மாறியவை’ என்பதிலா, போன தேதியின் கோப்புறையிலா? நான்கிலும் நகல் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் எது மூலம் என்று தெரியாது.

இந்தச் சிக்கலை நூலகங்கள் முன்பே சந்தித்தன. தீர்த்தவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில தகடுகள், சில திருகாணிகள்; அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். நூல்களுக்கும் இப்படித்தான் வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஒரு நூலை ஏதோ ஒரே அறைக்குள் தள்ளாமல் அதன் முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்ப்பது அதன் சாரம். பின்னாளில் அந்த முகங்களை ஐந்தாகத் திரட்டினார். எளிமையாகச் சொன்னால்: எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது.

நந்தியின் படத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். எது? நந்தி. எதனால்? கருங்கல். எங்கே? திருமுல்லைவாயில். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். நிரப்பிவிட்டால் படம் எந்தக் கோப்புறையில் கிடந்தாலும் கவலையில்லை. எந்தக் கட்டத்தைப் பிடித்து இழுத்தாலும் அது வரும். ஆய்வுப் படங்களை அடுக்கும் மென்பொருள்கள் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. கணினி உலகத்தில் 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடியவர்கள், எந்த ஆவணத்துக்கும் பொருந்தும் சில அடிப்படைக் கட்டங்களை வகுக்கத் தொடங்கினார்கள். பிறகு அவை பதினைந்தாக நிலைபெற்றன. தலைப்பு, ஆக்கியவர், தேதி, பொருள், உரிமை என்று போகும் அந்தப் பட்டியல் டப்ளின் கோர் எனப்படுகிறது. ரங்கநாதனின் ஐந்தைப் படித்துவிட்டு அதைப் பார்த்தால் ஆச்சரியமாக ஒன்றும் தோன்றாது.

ட்ரோப்பியில் கை வைத்தால்

இந்த வேலைக்கென்றே செய்த மென்பொருள் ட்ரோப்பி. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ராய் ரோசன்ஸ்வைக் பெயரிலுள்ள வரலாற்று மையம், மெல்லன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, 2017இல் வெளியிட்டது. மேற்கோள் நூல்களைச் சேர்க்க ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்தும் ஸொட்டேரோவும் இதே மையத்தில் பிறந்ததுதான். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கைபேசிக்குக் கிடையாது. கைபேசியில் எடுத்ததைக் கணினிக்கு இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும். இது குறை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய திரையில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எந்தப் படம் கலங்கியிருக்கிறது, எங்கே ஓர் அடி விட்டுப்போயிருக்கிறது என்பது தெரியும்.

திறந்ததும் புதிய திட்டம் ஒன்று உருவாக்கச் சொல்லும். அங்கேயே ஒரு கேள்வி வரும்: படங்களை நகலெடுத்துத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா, அல்லது அவை இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதுமா? புதியவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வட்டில் இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒன்றும் தொலையாது. இரண்டாவதில் ட்ரோப்பி முகவரியை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். பிறகு நீங்கள் கோப்புறையின் பெயரை மாற்றினாலோ வேறு வட்டுக்கு நகர்த்தினாலோ படம் இருந்த இடத்தில் வெறும் சட்டம்தான் தெரியும். மறுபடி தேடி இணைக்க வழி உண்டு. முதல் வாரத்திலேயே அந்தப் பாடு வேண்டாம்.

படங்களை இழுத்துப் போட்டதும் ஒவ்வொன்றும் தனிப் பொருளாக நிற்கும். இங்கேதான் டிரைப் செய்த வேலை. ஒரே கல்வெட்டைச் சேர்ந்த 21 படங்களையும் தேர்ந்து ஒன்றாக்கச் சொன்னால் அவை ஓர் உருப்படி ஆகிவிடும். உள்ளே வரிசையை மாற்றலாம். மேற்கிலிருந்து கிழக்கே எடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பி அடுக்கலாம். நானூறு படம் பதினைந்து இருபது உருப்படிகளாகச் சுருங்கும்போது, ஒரு நாள் உழைப்பில் உண்மையில் என்ன கிடைத்தது என்பது முதல்முறையாகக் கண்ணில் படும்.

பிறகு கட்டங்கள். ட்ரோப்பியிலேயே சில படிவங்கள் வரும்: பொதுவானது ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று, டப்ளின் கோர் ஒன்று. நமக்கு வேண்டிய கட்டங்களை வைத்துச் சொந்தப் படிவமும் செய்துகொள்ளலாம். கல்வெட்டுக்கென்றால் ஊர், கோயில், கட்டடப் பகுதி, சுவர், அரசன், ஆட்சியாண்டு, எழுத்து வகை, ஆண்டறிக்கை எண் போதும். முப்பது கட்டம் வைத்த படிவத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் நான்குதான் நிரம்பியிருந்தது. ஊர், கோயில் போன்று எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை, உருப்படிகளை மொத்தமாகத் தேர்ந்து ஒரே தடவையில் இட்டுவிடலாம்.

ஆண்டறிக்கை எண்ணை விட்டுவிடாதீர்கள். அரசின் கல்வெட்டாய்வாளராக ஹுல்ஷ் இருந்த காலத்தில், 1887 முதல், படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ‘இந்த ஆண்டில் இத்தனையாவது’ என்று எண் கொடுத்து அறிக்கை வெளியிடும் வழக்கம் வந்தது. கல்வெட்டுக்கு அதுதான் ஆதார் எண். நீங்கள் படமெடுத்ததை ஒருவேளை நூறாண்டு முன்பே யாராவது படியெடுத்திருந்தால், அந்த எண் உங்கள் படத்தை அவருடைய வாசிப்போடு இணைத்துவிடும். அவர் படித்த வரி இன்று திருப்பணியின்போது மணல் வீச்சில் தேய்ந்தோ, சிமென்ட் பூச்சுக்கு அடியில் மறைந்தோ இருக்கலாம். அறிக்கையில் இல்லாத கல்வெட்டு என்று தெரிந்தால் அது இன்னும் பெரிய செய்தி.

தேதி விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். படத்துக்கு ஒரு தேதி, பொருளுக்கு ஒரு தேதி. எக்ஸிஃப் சொல்வது படத்தின் தேதியை. கல்வெட்டின் தேதியோ ‘மதிரை கொண்ட கோப்பரகேசரிக்கு யாண்டு இருபதாவது’ என்பதுபோல் வரும். இது சோழன் முதலாம் பராந்தகனைக் குறிக்கும். அவன் பட்டத்துக்கு வந்தது 907 என்று கொண்டு கணக்கிட்டால் 926 அல்லது 927. ட்ரோப்பியில் உருப்படிக்கு ஒரு சீட்டும் அதனுள் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனிச் சீட்டும் இருப்பதால் இரண்டு தேதிகளும் கலக்காமல் இருக்கும். கல்லில் உள்ளதை ஒரு கட்டத்திலும் நாம் கணக்கிட்ட ஆண்டை இன்னொன்றிலும் எழுதுவது நல்லது. நாளைக்கு யாராவது பட்டமேற்ற ஆண்டைத் திருத்தினால் கல்லில் உள்ளது மாறாது, நம் கணக்கு மட்டும் மாறும்.

ஊர்ப் பெயர் இன்னொரு வம்பு. திருமுல்லைவாயில் என்பார் ஒருவர், திருமுல்லைவாயல் என்பார் மற்றவர். பூந்தமல்லியும் பூவிருந்தவல்லியும் ஒரே ஊர். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நாலு விதம். கணினிக்கு இவை வேறு வேறு ஊர்கள். ஏதேனும் ஒரு வடிவத்தை முடிவு செய்து ஊர்க் கட்டத்தில் எப்போதும் அதையே இடுங்கள். மற்ற வடிவங்கள் குறிப்பில் இருக்கட்டும், தேடினால் அவையும் அகப்படும். முன்பு இட்ட சொற்களை ட்ரோப்பி நினைவில் வைத்து, எழுதத் தொடங்கியதும் எடுத்துக் கொடுக்கும். எழுத்துப்பிழையும் அப்படியே பரவும் என்பதால் முதல் நாளே கவனம் தேவை.

உண்மையான வேலை குறிப்புப் பெட்டியில்தான். படம் ஒரு பக்கம், வாசிப்பு மறுபக்கம். படத்தைப் பெரிதாக்கி வரிவரியாகத் தட்டச்சு செய்யலாம். தமிழ் ஒருங்குறி தடையில்லாமல் ஏறுகிறது. கிரந்த எழுத்துகள் 2014இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. வேலி, மா, காணிக் கணக்குகளில் வரும் பழைய பின்னக் குறிகளில் பல 2019இல் சேர்ந்தன. கணினியில் அதற்கான எழுத்துரு இருந்தால் போதும். படிக்க முடியாத எழுத்துக் கூட்டத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்கு மட்டும் தனிக் குறிப்பு எழுதலாம்: ‘கழஞ்சா, கலமா?’ வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டலாம், குறைக்கலாம். நெகட்டிவ் போல நிறத்தைப் புரட்டலாம். தேய்ந்த எழுத்து சில சமயம் புரட்டியதும் துலங்கும். இதில் எதுவும் மூலப் படத்தைத் தொடாது. எழுத்துணரி மென்பொருள் கல்வெட்டைத் தானே படித்துவிடாதா என்றால், அச்சுப் புத்தகத்துக்கு டெஸராக்ட் போன்றவை தமிழில் ஓரளவு கைகொடுக்கும். புள்ளியில்லாத, பொரிந்த கருங்கல் எழுத்தை அதனிடம் கொடுத்தால் வருவது படிக்கத் தக்கதாக இருக்காது.

ஏரிக்கரைக்கு வேறு கருவி

எல்லா ஆய்வுப் படங்களும் எழுத்தைப் பற்றியவை அல்ல. கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிகளைச் சுற்றி நடப்பவர்கள் பறவையை எடுக்கிறார்கள், கலக்கும் கழிவுநீரை எடுக்கிறார்கள், கரை சுருங்குவதை எடுக்கிறார்கள். பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் சென்னை முழுக்க அந்த 24ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏரியில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை பார்த்து, மாதாமாதம் எடுத்த படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நின்ற இடம் பத்தடி மாறினாலும் ஒப்பிட முடியாது. இங்கே ஒரு படம் ஒரு பொருள்; சேர்த்து ஒட்ட வேண்டியதில்லை, காலத்திலும் வரைபடத்திலும் பரப்பிப் பார்க்க வேண்டும்.

அதற்கு டிஜிகாம் பொருத்தம். இதுவும் இலவசம், திறமூலம். ஆயிரக்கணக்கான படங்களைத் தேதிவாரியாகவும் வரைபடத்திலும் காட்டும். ட்ரோப்பிக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைத் தெரிந்துகொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ட்ரோப்பி நீங்கள் எழுதுவதைத் தன் திட்டத் தரவுத்தளத்தில் வைக்கிறது, படக்கோப்பு அப்படியே இருக்கும். டிஜிகாம் நீங்கள் விரும்பினால் குறிச்சொல்லையும் தலைப்பையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவிடும்; படம் எங்கே போனாலும் விவரம் கூடவே போகும். நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ சான்றாகக் கொடுக்க நினைக்கும் படமென்றால் மூலத்தை யாரும், எந்த மென்பொருளும் தொடாமல் ஒரு பிரதி தனியே இருக்க வேண்டும். பறவையோ செடியோ இன்னதென்று தெரியவில்லை என்றால் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், பதிவும் ஆய்வுக்குப் பயன்படும்.

இடக்குறிப்பு கத்தி மாதிரி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகிறது. வேட்டைக்காரருக்கும் இணையம் தெரியும். வயல் நடுவே காவலில்லாமல் நிற்கும் நடுகல்லுக்கும், பூட்டில்லாத சிறு கோயிலின் சிலைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கோப்பில் முழு இடக்குறிப்பும் இருக்கட்டும். முகநூலில் போடும் பிரதியில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன 3-2-1 கணக்கு போதுமானது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். 2015இல் அடையாற்றங்கரை வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது கணினியும், அதற்குப் பக்கத்திலேயே வைத்திருந்த காப்பு வட்டும் சேர்ந்தே நனைந்தன. மேகச் சேமிப்பை மட்டும் நம்புவதும் சரியில்லை. கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இடம் மிச்சப்படுத்தும் அமைப்பில் அது படத்தைச் சுருக்கவும் செய்யும். காப்புப் பிரதி எடுக்கும்போது படங்களோடு ட்ரோப்பித் திட்டத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். படம் தப்பித்துக் குறிப்பு அழிந்தால் பழையபடி பெயரில்லாக் கருங்கல்தான். ட்ரோப்பியின் தரவுத்தளம் எஸ்க்யூலைட் என்ற திறந்த வடிவம். நாளைக்கு ட்ரோப்பியே நின்றுபோனாலும் வேறு கருவியால் திறக்க முடியும். பட்டியலை விரிதாளாக வெளியே எடுக்கும் இணைப்பும் உண்டு. உருப்படியைப் படமும் குறிப்புமாக அச்சிட்டு, அடுத்த முறை கோயிலுக்கு எடுத்துப் போய்ச் சுவரோடு ஒப்பிடலாம். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் ஒரு படி கொடுத்தால் மறுபடி கேட்கப் போகும்போது கதவு சீக்கிரம் திறக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரே யோசனை: பழைய படங்களிலிருந்து தொடங்காதீர்கள். ஏழெட்டு ஆண்டுகளில் சேர்ந்த பன்னிரண்டாயிரம் படத்தை ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்தப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். அடுத்துப் போகப்போகும் கோயில், அதில் ஒரே ஒரு சுவர், அன்று மாலையே உட்கார்ந்து நிரப்பினால் ஒரு மணி நேர வேலை. நாலைந்து தடவை இப்படிச் செய்தபின் உங்களுக்கு உண்மையில் எந்தக் கட்டங்கள் வேண்டும் என்பது தெளிவாகிவிடும். படிவத்தை அப்போது திருத்திக்கொள்ளலாம். பழையவற்றை அதற்கப்புறம், ஒரு நாள் எடுத்ததை ஒரு கட்டாக, எக்ஸிஃப் தேதியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். எந்த ஊர் என்றே தெரியாமல் சில மிஞ்சும். அவற்றை அழிக்க வேண்டாம். ‘இடம் தெரியவில்லை’ என்று ஒரு குறிச்சொல் போட்டு ஒதுக்கி, அந்தப் பக்கத்துக் கோயில்களில் பூசை செய்யும் குருக்களிடமோ மெய்க்காவலரிடமோ காட்டிப் பாருங்கள். தினமும் பார்க்கும் தூணை அவர்கள் ஒரு மூலையை வைத்தே அடையாளம் சொல்வார்கள்.